விஞ்ஞான மேதை ஜகதீச சந்திர போஸ்



விடுமுறை நாள்களில் பட்டணத்துத் திடல்களில் மாதிரி விமானம் விடுவோரை உங்களுள் சிலர் கண்டிருப்பீர்கள். ஒருவர் கையில் சிறு பெட்டியொன்றை வைத்துக்கொண்டு அதிலுள்ள இரு குச்சிகளை விரலால் அசைக்கிறார். நூலுமில்லை, கம்பியுமில்லை. ஆயினும் நூறடி உயரத்தில் பறக்கும் விமானம் அவர் விரல் சொன்னபடி ஏறுகிறது, வளைகிறது, இறங்குகிறது. அது எவ்வாறு கேட்கிறது என்றும், தாமும் அதனைக் கற்க இயலுமா என்றும் நம் மாணவர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. அவ்வினாக்களுக்கு விடை கூறப் புகுந்தால் ஒரு பெரியாரின் வாழ்க்கையையே கூற வேண்டியிருக்கிறது. அவரே சர் ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ், ஆங்கில அரசின் கீழ் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் அத்தகைய பதவியிலிருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கொண்டனர். பகவான் சந்திரரோ, மகன் முதலில் தாய்மொழியைக் கற்கட்டும், தன் மக்களை அறியட்டும் என்று எண்ணி, ஊரிலிருந்த வங்காளிப் பள்ளியிலேயே சேர்த்தார். வகுப்பில் சிறுவனின் ஒரு பக்கத்தில் தந்தையின் முஸ்லிம் ஏவலாளரின் மகனும் மறு பக்கத்தில் ஒரு மீனவர் மகனும் அமர்ந்திருந்தனர். அவர்கள் சொன்ன பறவைக் கதைகளும் மீன் கதைகளும் ஆற்றுக் கதைகளுமே இயற்கையை ஆராயும் வேட்கையைத் தமக்கு ஊட்டின எனப் போஸ் முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். தமிழ்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாவா என்று இன்றும் தயங்கி நிற்கும் பெற்றோர் இச்செய்தியைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர் யார் தெரியுமா? ஒரு பழைய கொள்ளைக்காரர்! பகவான் சந்திரரால் தண்டிக்கப்பட்டுச் சிறை மீண்ட அவர், பிழைக்க வழியின்றி அவரிடமே வந்து நின்றார். தண்டித்தவரே அவருக்கு வேலை கொடுத்தார். தம் மகனைத் தோளில் சுமந்து செல்லும் பொறுப்பையும் ஒப்படைத்தார். வழி நெடுகிலும் அவர் தம் பழைய வாழ்வின் வீரக் கதைகளைச் சொல்லிச் செல்வாராம். அவர் அக்குடும்பத்துக்கு இறுதிவரை உண்மையாயிருந்தார்.

பின்னர் போஸ் கல்கத்தாவில் ஹேர் பள்ளியிலும் புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே லஃபோன் என்னும் பாதிரியார் சோதனைகளைக் கண்முன் செய்து காட்டிப் பௌதிகம் கற்பித்தார். பட்டம் பெற்றதும் இங்கிலாந்து சென்று ஐ.சி.எஸ். தேர்வெழுதிப் பெரிய அதிகாரியாக வேண்டுமென்பது மகனின் விருப்பம். தந்தை இசையவில்லை. பிறரை ஆளும் பதவியினும் கற்றறிந்தவனாய் வாழ்வதே மேல் என்று அவர் கருதினார். இத்தனைக்கும் தந்தை அப்போது கடனில் மூழ்கியிருந்தார். மக்கள் நலனுக்கென அவர் தொடங்கிய தொழில்களும், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் போட்ட முதலும் கை கொடுக்கவில்லை. மகனின் பயணத்துக்காகத் தாயார் தம் நகைகளை விற்க முன்வந்தார்.

1880இல் இலண்டன் சென்ற போஸ் முதலில் மருத்துவம் பயின்றார். ஊரிலிருந்தே தொடர்ந்து வந்த காய்ச்சல், பிணவறுவை அறையின் நாற்றத்தால் மேலும் முற்றியது. மருத்துவத்தை விட்டுக் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் கற்றார். புகழ்பெற்ற ரேலி பிரபு அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1884இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு நாடு திரும்பிக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

இங்கேதான் அவர் வாழ்வில் பெருஞ் சோதனை வந்தது. அக்கல்லூரியில் ஐரோப்பியப் பேராசிரியர் பெற்ற சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் பதவி தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதியைக் குறைத்தனர். ஆக, ஒரே வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு கூலி! போஸ் என்ன செய்தார்? வேலையை விட்டு விலகவில்லை, கூச்சலிடவுமில்லை. சம்பளத்தைத் தொடவே மறுத்தார். மூன்றாண்டுகள் ஒரு காசும் வாங்காமல், ஒரு வகுப்பையும் தவறவிடாமல் பாடம் நடத்தினார். தந்தையின் கடன் ஒருபுறம் அழுத்திக்கொண்டிருந்த காலம் அது. இடையில் 1887இல் அபலா அம்மையாரை மணந்தார். இந்த அம்மையார், கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டிருந்தமையால் தமிழ்நாட்டுக்கு வந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். உடல் நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமற் போனவர். வருவாயற்ற கணவரோடு சிக்கனமாகக் குடும்பம் நடத்தினார். இறுதியில் கல்லூரி நிருவாகம் பணிந்தது. போஸின் பதவி நிரந்தரமாக்கப்பட்டு, மூன்றாண்டுச் சம்பளமும் குறைவின்றி ஒருசேர அளிக்கப்பட்டது. அப்பணம் தந்தையின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் நம் மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு என்றிருந்ததை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரே பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, ஒரே பால்மரத்தை வெட்டியவர்களுக்கு இரு கூலி! ஆதலின் போஸின் மூன்றாண்டு உறுதி எத்தகையது என்பதை நம் தோட்ட மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி அவருடைய ஆராய்ச்சிக்கு வருவோம். கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகள் உண்டென்று ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்பார் சோதனையால் காட்டியிருந்தார். அவர் 1894ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் தமது முப்பத்தாறாம் வயதிலேயே காலமானார். அதே ஆண்டு நவம்பரில், தமது முப்பத்தாறாம் பிறந்த நாளன்று, இனித் தம் வாழ்வை ஆராய்ச்சிக்கே அளிப்பதெனப் போஸ் உறுதி பூண்டார். கல்லூரியில் அவருக்கெனத் தனி ஆராய்ச்சிக் கூடம் இல்லை. குளியலறையை ஒட்டிய ஒரு சிற்றறையே கிடைத்தது. கருவி செய்யத் துணை நின்றவர் முறையான பயிற்சி ஏதும் பெறாத தகரக் கொல்லர் ஒருவர். வாரத்தில் பல மணி நேரம் பாடம் நடத்திய பின்னரே ஆராய்ச்சிக்குப் பொழுது கிடைத்தது.

ஹெர்ட்ஸின் அலைகள் பல அடி நீளமுடையன. அவற்றை ஆராயப் பெரிய கூடமும் பெரிய கருவிகளும் வேண்டும். சிற்றறையிலிருந்த போஸ் அலையைச் சிறிதாக்கினார்! இரண்டரை சென்டிமீட்டர் முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளை அவர் உண்டாக்கினார். ஐந்து மில்லிமீட்டர் என்பது ஓர் அரிசி மணியின் நீளம். அன்று உலகில் வேறெவரும் அத்துணைச் சிறிய அலைகளைக் கையாண்டு இத்தனை சோதனைகளைச் செய்யவில்லை. அவர் பயன்படுத்திய பொருள்களைக் கேட்டால் மாணவர்கள் வியப்பர். முறுக்கிய சணல் நார்க் கட்டு ஒன்று; இரயில் வண்டிக் கால அட்டவணைப் புத்தகமொன்றின் தாள்களுக்கிடையே ஈயத் தகட்டுத் தாள்களைச் செருகிய ஏற்பாடு மற்றொன்று. இவற்றைக் கொண்டே அலையின் அதிர்வுத் திசையைச் சோதித்தார். விலையுயர்ந்த கருவி வந்த பிறகுதான் விஞ்ஞானம் கற்பிக்க இயலும் என்போர்க்கு, ஆசிரியர் என்ற முறையில் நாம் காட்டும் சான்று இதுவே.

1895ஆம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில் பெருங் கூட்டத்தின் முன்னிலையில் அவர் நிகழ்த்திய சோதனை மறக்கற்பாலதன்று. வங்காளத் துணை ஆளுநர் தலைமை வகித்தார். ஓரிடத்தில் போஸ் அலையை எழுப்பினார். அது தலைவரின் உடலையும் கெட்டியான மூன்று சுவர்களையும் ஊடுருவிச் சென்று, 75 அடிக்கு அப்பால் மூன்றாம் அறையிலிருந்த மணியை ஒலித்தது. கைத்துப்பாக்கியைச் சுட வைத்தது. சிறு வெடிமருந்துப் பொதியை வெடிக்கச் செய்தது. மனிதர் ஒருவர் ஓரிடத்தில் நின்றபடியே, இடையில் கம்பி ஏதுமின்றி, தொலைவிலுள்ள பொருளை வேலை வாங்கினார் என்பதைச் சிந்தியுங்கள். இன்று திடலில் விமானம் விடுபவர் செய்வதும் இதுவே அன்றோ?

இதன் பிறகு 1898இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா என்பார், தொட்டி நீரில் விட்ட சிறு படகொன்றை வானலை கொண்டு செலுத்திக் காட்டினார். 1937இல் வால்டர் குட், வில்லியம் குட் என்னும் அமெரிக்க இரட்டைச் சகோதரர்கள் வானலையால் இயங்கும் மாதிரி விமானத்தை வெற்றியுடன் பறக்கவிட்டனர். தொடக்கத்தில் இத்தகைய விமானங்களுக்கு நெடிய அலைகளே பயன்பட்டன. 27 மெகாஹெர்ட்ஸ் கருவியின் அலை ஏறத்தாழ 11 மீட்டர் நீளம். அதனால் கைப்பெட்டியிலிருந்து நீண்ட உலோகக் கம்பியை உருவி நீட்ட வேண்டியிருந்தது. ஒருவர் அலையில் மற்றொருவர் குறுக்கிட்டால் விமானம் தரையில் விழுந்து நொறுங்கும். இன்றைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர் மட்டுமே. ஒரே திடலில் பலர் இடையூறின்றி விமானம் விடுகின்றனர். அலை குறுகக் குறுகக் கருவியும் சிறிதாகும் என்பதைப் போஸ் தம் சிற்றறையில் அன்றே கண்டவர்.

இக்கலையைத் தொடங்க விரும்பும் பிள்ளைகளுக்கு இவ்விடத்தில் சில சொற்கள். எடுத்த எடுப்பில் விலையுயர்ந்த விமானம் கேட்டுப் பெற்றோரை வருத்த வேண்டா. முதலில் காகிதத்தாலோ, மெல்லிய பால்சா மரத்தாலோ, நுரை அட்டையாலோ ஒரு கைவீச்சு விமானம் செய்யுங்கள். சிறகின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் விரலை வைத்துத் தாங்கினால் விமானம் நிலையாக நிற்க வேண்டும். மூக்கு எழும்பித் தடுமாறினால் முன்புறம் சிறிது களிமண் ஒட்டுங்கள். இதில் தேர்ந்த பின்னரே வானலை விமானம். அதிலும் சிறகு உடலின் மேற்புறம் அமைந்த, மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானமே ஏற்றது. கைப்பெட்டியின் குச்சிகள் நான்கு காரியங்களைச் செய்யும்: பொறியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தல், வாலின் கிடைப்பலகையால் மூக்கை ஏற்றி இறக்குதல், வாலின் நிமிர்பலகையால் திசை திருப்புதல், சிறகின் ஓரப் பலகைகளால் பக்கவாட்டில் சாய்த்தல். விமானத்திலுள்ள வாங்கி அலையைப் பெற்று, சர்வோ எனப்படும் சிறு மோட்டார்களுக்குக் கட்டளை தருகிறது. அவை அப்பலகைகளை அசைக்கின்றன.

புதியவர் இடறும் இடம் ஒன்றுண்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது நம் வலம் அதற்கு இடமாகிவிடும். இதனைக் கை பழகும்வரை அனுபவமுள்ளவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். தொடங்கும்போது முதலில் கைப்பெட்டியை முடுக்கிய பின்னரே விமானத்தை முடுக்க வேண்டும். முடிக்கும்போது விமானத்தை முதலில் அணைக்க வேண்டும். லித்தியம் மின்கலத்துக்கு மின்னேற்றும்போது அருகிலேயே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மின்கம்பி, சாலை, மக்கள் கூட்டம் ஆகியவற்றுக்கு அப்பால், காற்று அடங்கிய காலை வேளையே உகந்தது. செனாய் போன்ற விமான நிலையங்களின் பக்கம் போகவே கூடாது. நாட்டின் வான்பயண விதிகளையும் முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ள வேண்டும். செம்பனைத் தோட்டத்துக்குள் பறக்கவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. மட்டைக்கிடையில் சிக்கிய பட்டங்களே சாட்சி!

மீண்டும் போஸிடம் வருவோம். 1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரியில் இலண்டன் ராயல் நிலையத்தில் அவர் சொற்பொழிவாற்றினார். தம் கருவிகளின் அமைப்பை அவர் ஒளிக்கவில்லை. யார் கேட்டாலும் விளக்கினார். காப்புரிமை பெற்றால் செல்வம் குவியும் என்று வணிகர் அழைத்தபோதும் மறுத்தார். அறிவு தனியொருவர் உடைமையன்று என்பது அவர் கொள்கை. நண்பர்களின் வற்புறுத்தலால் கலீனா என்னும் கனிமத்தாலான அலையுணர் கருவிக்கு மட்டும் அமெரிக்கக் காப்புரிமை 1904இல் கிடைத்தது. அதனால் வரக்கூடிய பணத்தையும் அவர் நாடவில்லை. 1899இல் இரும்பும் பாதரசமும் கொண்ட அலையுணர் கருவியொன்றைப் பற்றி ராயல் சங்கத்தில் வெளியிட்டார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த செய்தியைப் பெற்றபோது பயன்பட்ட கருவி போஸின் வழிவந்ததே என 1998இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எடுத்துக்காட்டியது. மார்க்கோனி நோபல் பரிசு பெற்றார். போஸின் சோதனைகளை அனைத்துலக மின்பொறியாளர் கழகம் 2012இல்தான் வரலாற்றுச் சிறப்புடையவையாக அறிவித்தது. போஸ் காப்புரிமை வாங்கியிருக்க வேண்டுமென இன்று சிலர் வாதிடுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. எனினும் உழைத்தவர் பெயர் நூறாண்டுக் காலம் மறைந்து கிடந்தது வருந்தற்குரியதே.

இவர் கதையும் எழுதியவர் என்பது பலர் அறியாத செய்தி. 1896இல் கூந்தல் தைல நிறுவனமொன்று நடத்திய போட்டியில், ஒரு புட்டித் தைலத்தைக் கடலில் ஊற்றிப் புயலை அடக்கும் விந்தைக் கதையை வங்காளியில் எழுதிப் பரிசு பெற்றார்!

புதிய நூற்றாண்டு பிறந்தபின் போஸின் உள்ளம் செடி கொடிகளின்பால் திரும்பியது. தொடர்ந்து அலை படப்பட அலையுணர் கருவி களைப்புற்றதுபோல் மந்தமாவதையும், ஓய்வுக்குப் பின் தெளிவதையும் கண்டவர், உயிருள்ளவற்றிலும் இதுபோன்ற மாறுதலைத் தேடினார். தொட்டாற்சுருங்கியும் தொழுகண்ணியும் அவருக்கு ஆராய்ச்சிப் பொருளாயின. தொட்டாற்சுருங்கி நம் தோட்டத்துப் பாதையோரமெங்கும் கிடப்பது. அதைக் காலால் சீண்டி விளையாடாத பிள்ளை நம் பள்ளியில் இல்லை. அது சுருங்குவதற்கு முன் மின்துடிப்பொன்று தண்டின் வழியே ஓடுவதைப் போஸ் அளந்து காட்டினார். செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை அமைத்தார். நத்தையினும் மெதுவான அவ்வளர்ச்சி, குளிரிலும் மயக்க மருந்திலும் தளர்வதைக் கண்ணெதிரே காணுமாறு செய்தார்.

ஐரோப்பிய உடலியல் அறிஞர் சிலர் இதனை ஏற்கவில்லை. பௌதிகம் கற்றவருக்குத் தாவரத்தில் என்ன வேலை என்றனர். அவர் கட்டுரை அச்சேறாமல் நின்றதும் உண்டு. செடிகளில் மின்துடிப்பு ஓடுகிறது என்பது இன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மை. மனிதரைப் போலச் செடியும் இன்ப துன்பம் உணர்கிறது என்று அவர் கூறிய அளவுக்கு இன்றைய விஞ்ஞானிகள் செல்வதில்லை. பொழுது விடியுமுன் வெட்டினால் பால் பெருகும், வெயில் ஏறினால் குறையும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்த நம் பெற்றோர்க்கு, மரம் பொழுதையும் நீரையும் அறிந்து மாறும் உயிர் என்பது புதிய செய்தியன்று. அத்தகைய மாறுதலைக் கோடாக வரைந்து காட்டியதே போஸின் அருமை.

1915இல் கல்லூரிப் பணியினின்று ஓய்வு பெற்றார். சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா முதலிய பின்னாளைய மேதைகள் அவரிடம் பயின்றவர்களே. 1917இல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு தம் ஐம்பத்தொன்பதாம் பிறந்த நாளில், சேமித்த பொருளையும் நண்பர் தந்த கொடையையும் கொண்டு கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அங்குக் கண்டறிவன யாவும் எல்லார்க்கும் பொது, எதற்கும் காப்புரிமை இல்லை என்பதே அந்நிலையத்துக்கு அவர் வகுத்த நெறி. 1920இல் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிடி என்னும் ஊரில் போஸ் காலமானார். அபலா அம்மையார் பெண் கல்விக்கும் கைம்பெண்களின் நலனுக்கும் பாடுபட்டு 1951வரை வாழ்ந்தார். சிற்றறையில் தகரக் கொல்லரின் துணையோடு உருவான அந்த அலைக் கருவிகள், கல்கத்தாவில் அவர் நிறுவிய நிலையத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.